24 அடிப் பறவையும் 8 வாரக் கணக்கும்

போன வாரம் எங்க காலேஜ் வாட்ஸப் குரூப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. நடுக்கடல். மேலே ராட்சசப் பறவை ஒன்று, வாய் நிறைய ரம்பம் மாதிரிப் பல்லு. கீழே கட்டுமரத்தில் ஒரு ஆள் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்க்கிறார். "உலகின் மிகப்பெரிய பறவை கண்டுபிடிப்பு!! இறக்கை 24 அடி!!" என்று மஞ்சள் எழுத்து. அனுப்பியவன் என் பழைய ஹாஸ்டல் ரூம்மேட். நல்லவன். வருகிறதையெல்லாம் அப்படியே அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவான் என்பதைத் தவிர அவனிடம் ஒரு குறையும் கிடையாது.

கட்டுமரக்காரரை விடுங்கள். அவர் இரண்டரைக் கோடி வருஷம் முன்னாடியே வந்துவிட்டார், பாவம். எனக்கு உறுத்தியது அந்த 24. ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று யோசிக்கப் போய்தான் இந்தப் பதிவு. நான் பறவை பார்க்கிறவனும் இல்லை, எலும்பு பொறுக்குகிறவனும் இல்லை. சாதாரணமாகப் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். படித்ததை வைத்து எழுதுகிறேன்.

பறவை நிஜம். பெயர் பெலகோர்னிஸ் சாண்டர்சி. 1983-ல் அமெரிக்காவில், தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் விமான நிலையத்துக்குப் புது டெர்மினல் கட்டத் தோண்டினார்கள். அந்த இடம் ஒரு காலத்தில் கடலடி. மண்ணுக்குள்ளே எலும்பு. சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தின் ஆட்கள் வந்து பத்திரமாக எடுத்தார்கள். விமான நிலையத்துக்குத் தோண்டின குழியில் உலகத்திலேயே பெரிய இறக்கை கிடைத்தது என்று நான் கதை எழுதினால் "கொஞ்சம் ஓவர்" என்று நீங்களே சொல்வீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

இறக்கையின் மேல் எலும்பு மட்டும் 94 சென்டிமீட்டர். நம்ம கையில் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் இருக்கிற எலும்புதான் அது. நமக்கு ஒரு அடி சொச்சம். இதற்கு மூன்றடி. ஒரு சின்னப் பையன் உயரத்துக்கு ஒரே எலும்பு!

ஆனால் அதற்குப் பெயர் வைத்தது 2014-ல். டேனியல் க்ஸெப்கா என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் கட்டுரை எழுதி, 1983-ல் அதை எடுத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆல்பர்ட் சாண்டர்ஸின் பெயரை வைத்தார். நடுவில் கிட்டத்தட்ட 30 வருஷம் எலும்பு அருங்காட்சியகத்தின் சேமிப்பில் கிடந்தது.

"முப்பது வருஷமா தூங்கினாங்களா?" என்று குரூப்பில் இன்னொருத்தன் கேட்டான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு எலும்பைப் பார்த்து "இது புதுசு" என்று சொல்ல, இதுவரை கிடைத்த பழசு எல்லாவற்றோடும் ஒப்பிட்டாக வேண்டும். அந்தப் பழசெல்லாம் நாலு கண்டத்தில் நாப்பது அலமாரியில் இருக்கும், பாதி உடைந்திருக்கும். இந்தக் குடும்பத்துப் பறவைகளுக்கு எலும்பின் சுவர் ரொம்ப மெல்லிசு. பறப்பதற்கு வசதி, பாறைக்குள் கோடி வருஷம் கிடப்பதற்கு வசதியில்லை. பெரும்பாலும் நசுங்கித்தான் கிடைக்கும். ஓரளவு முழுசாக ஒரு எலும்புக்கூடு, சுமார் 70 சதவீதம், சிலியில் கிடைத்து வெளியே வந்ததே 2010-ல்தான். அதற்குப் பெயர் பெலகோர்னிஸ் சிலென்சிஸ். அதன் இறக்கை குறைந்தது 5.2 மீட்டர்.

அலமாரியில் கிடப்பது வேறு, தொலைந்து போவது வேறு. அண்டார்டிகாவின் சீமோர் தீவில் 1980-களில் பொறுக்கிய எலும்புகள் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தன. 2003-ல் அந்தத் தொகுப்பு பெர்க்லிக்கு மாறியது. 2020-ல் ஒரு ஆராய்ச்சி மாணவரும் அவர் கூட்டாளிகளும் அதில் ஒரு கால் எலும்பையும் ஒரு தாடைத் துண்டையும் பார்த்து, இவையும் அதே குடும்பத்து ராட்சசர்கள்தான், இறக்கை 5, 6 மீட்டர் இருக்கும் என்று எழுதினார்கள். கால் எலும்புக்கு வயசு சுமார் 5 கோடி வருஷம். யாரோ ஒருத்தர் அந்தக் குளிரில் போய்ப் பொறுக்கினதை இன்னொருத்தர் சீட்டு எழுதி வைத்தார், மூணாவது ஆள் பெட்டி மாற்றினார், நாலாவது ஆளுக்குப் புரிந்தது. இதில் "கண்டுபிடித்தவர்" யார் சொல்லுங்கள்?

சரி, இந்தக் குடும்பத்தை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறார்கள்? பல்லை வைத்துத்தான். ஆனால் அது பல்லே இல்லை. இன்றைக்கு இருக்கிற எந்தப் பறவைக்கும் பல் கிடையாது. இதுகளுக்குத் தாடை எலும்பே அங்கங்கே கூம்பு மாதிரி எழும்பியிருக்கும். எனாமல் இல்லை, டென்டின் இல்லை, வேர் இல்லை. வழுக்குகிற மீனையும் கணவாயையும் பிடித்து நிறுத்த அது போதும். பொய்ப்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி கழற்றி டம்ளரில் போட முடியாத பொய்ப்பல் :-)

தாடை கிடைத்தால் கேஸ் முடிந்தது. கிடைக்காவிட்டால்? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை வருகிறது.

ரிச்சர்ட் ஓவன் என்று ஒரு பெரியவர். டைனோசர் என்ற பெயரை 1842-ல் வைத்தவர். அதற்கு முன்னால், 1839-ல், நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு ஜாண் நீள எலும்புத் துண்டை மட்டும் பார்த்துவிட்டு, "அங்கே தீக்கோழி மாதிரி ராட்சசப் பறவை இருந்திருக்கிறது" என்று சொன்னார். ஒரே துண்டு. நாலு வருஷத்தில் பெட்டி பெட்டியாக எலும்பு வந்து சேர்ந்தது. மோவா! மனுஷன் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. எலும்பு உலகத்தில் இதைவிடப் பெரிய சிக்ஸர் கிடையாது.

அதே ஓவனிடம் லண்டன் பக்கத்தில் ஷெப்பி தீவின் களிமண்ணிலிருந்து ஒரு மண்டையோடு வந்தது. 1870-ல் அதற்கு டாசோர்னிஸ் என்று பெயர் வைத்தார். எந்தக் கட்டுரையில்? மோவா பற்றித் தான் எழுதிக்கொண்டிருந்த தொடர் கட்டுரையிலேயே, பறக்காத பறவைகளோடு சேர்த்து. எட்டு வருஷம் கழித்து, அதே ஷெப்பியிலிருந்து வந்த இறக்கை எலும்பை வைத்து 1878-ல் ஆர்ஜில்லோர்னிஸ் லாங்கிபென்னிஸ் என்று இன்னொரு பெயர். லாங்கிபென்னிஸ் என்றால் நீண்ட இறக்கைக்காரன். இதைப் பெரிய பறக்கும் பறவை என்றே எழுதினார். நடுவில் 1873-ல் அதே ஷெப்பியிலிருந்து, கொஞ்சம் சின்னப் பறவை ஒன்றின் பொய்ப்பல் தாடையையும் பார்த்து, அதற்கு ஓடன்டாப்டெரிக்ஸ் என்று தனிப் பெயர் வைத்தார். இவருக்கெல்லாம் முன்னால், 1854-லேயே பவர்பேங்க் என்பவர் அதே களிமண்ணில் கிடைத்த எலும்புக்கு லித்தோர்னிஸ் ஈமுயினஸ் என்று பெயர் வைத்திருந்தார். பெயரிலேயே ஈமு இருக்கிறது பாருங்கள்.

2008-ல் கெரால்ட் மயர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் ஷெப்பியில் கிடைத்த நல்ல மண்டையோடு ஒன்றை வைத்து எல்லாவற்றையும் ஒப்பிட்டார். பவர்பேங்கின் ஈமு, ஓவனின் தீக்கோழிச் சொந்தம், ஓவனின் நீண்ட இறக்கைக்காரன், மூன்றும் ஒரே பறவை! பொய்ப்பல் ராட்சசன்தான். ஒரே பக் மேல் மூணு டிக்கெட் திறந்து, அதில் இரண்டை ஒரே ஆள் திறந்து, 130 வருஷம் கழித்து ஒருத்தர் வந்து டூப்ளிகேட் என்று மூடியிருக்கிறார். பழைய பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி இன்றைக்கு அதற்கு டாசோர்னிஸ் ஈமுயினஸ் என்று பெயர். கடல் மேலே மிதந்துகொண்டிருந்த பறவை, தரையில் ஓடுகிற ஈமுவின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அழிக்க முடியாது. நம்ம கோடில் பத்து வருஷம் முன்னாடி யாரோ தப்பாக வைத்த வேரியபிள் பெயரை இன்னமும் தொட பயப்படுகிறோமே, அதே கதை.

ஓவன் முட்டாள் இல்லை. என் ஊகம் என்னவென்றால், 1839 சிக்ஸர்தான் அவரைக் கெடுத்தது. ஒருமுறை ஒரு துண்டை வைத்து அடித்தது சரியாகிவிட்டால், அடுத்த முறை துண்டு எவ்வளவு பேசுகிறது, நாம் எவ்வளவு பேசுகிறோம் என்று பிரித்துப் பார்க்கிற பொறுமை போய்விடுகிறது. ஆனாலும் ஒன்று. அவர் எலும்பை வைத்துவிட்டுப் போனார். படம் போட்டு, எந்த எலும்பைப் பார்த்து எந்தப் பெயர் வைத்தார் என்று எழுதிவிட்டுப் போனார். அதனால்தான் மயரால் திருத்த முடிந்தது.

இப்போ அந்த 24 அடிக்கு வருவோம்.

சார்ல்ஸ்டன் பறவைக்கு இறக்கை எலும்புகள் எல்லாமும் கிடைக்கவில்லை. கிடைக்காததைச் சொந்தக்காரப் பறவைகளின் விகிதத்தை வைத்து நிரப்ப வேண்டும். அதற்கு மேலே இறகு. இறகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இன்றைக்கு இருக்கிற பறவைகளில் எலும்பு இவ்வளவு என்றால் இறகு எவ்வளவு என்று பார்த்து, அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்ட வேண்டும். எந்தப் பறவையை அளவுகோலாக எடுக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். க்ஸெப்கா கணக்குப் போட்டபோது 6.06 மீட்டரிலிருந்து 7.38 மீட்டர் வரைக்கும் வந்தது. அடக்கிச் சொன்னால் சுமார் 6.4 மீட்டர், அதாவது 21 அடி என்று எழுதினார். எடை 22 கிலோவிலிருந்து 40 கிலோ வரை எதுவாகவும் இருக்கலாம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்! அவர் ஒன்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. எடை, இறக்கை நீளம், இறக்கையின் வடிவம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, பறத்தலைக் கணக்கிடும் ஒரு புரோகிராமில் ஓட்டிப் பார்த்தார். எந்த மதிப்பைப் போட்டாலும் நன்றாக மிதக்கக்கூடிய பறவைதான் என்று வந்தது. ஆக, அளவு நிச்சயமில்லாவிட்டாலும் முடிவு நிற்கிறது. எனக்கு இந்த இடம்தான் கட்டுரையிலேயே அழகு. இதைப் பற்றி ஒரு ஃபார்வர்டும் வராது.

7.38 மீட்டர் என்பது 24 அடி. புரிகிறதா? என் நண்பனுக்கு யாரோ அனுப்பியது அந்த ரேஞ்சின் மேல் நுனி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009-ல் இன்றைய கடல் பறவைகள் இறக்கையடிக்கிற வேகத்தை அளந்து, 5.1 மீட்டருக்கு மேலே இறக்கை இருந்தால் ஒரு பறவையால் தாக்குப்பிடித்துப் பறக்க முடியாது என்று ஒரு கணக்கு வந்திருந்தது. கணக்கில் பிழை எதுவும் இல்லை. இன்றைக்கு உயிரோடு இருப்பதில் பெரிய இறக்கை ஆல்பட்ராஸுக்கு, மூன்றரை மீட்டர். அதை வைத்துக் கோடு இழுத்தால் அங்கேதான் முடியும். ஆனால் அலமாரிக்குள் 94 சென்டிமீட்டர் எலும்பு ஒன்று சத்தம் போடாமல் படுத்திருந்ததே! பெரிய பறவை என்றால் முன்பு எல்லோரும் சொன்னது அர்ஜென்டாவிஸ். 1980-ல் பெயர் வைத்த தென் அமெரிக்கப் பறவை. அதற்கு ஆரம்பத்தில் 7, 8 மீட்டர் என்றார்கள். க்ஸெப்காவின் கணக்கில் சுமார் 6 மீட்டருக்கு வந்துவிட்டது. பறவை ஒன்றும் சுருங்கவில்லை. நாம் ஒட்டின இறகுதான் சுருங்கியது.

ஏன் இவனுக்கு இதில் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு புராஜெக்ட். எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டார்கள். பழைய கோடை ஒருத்தரும் முழுசாகப் பார்த்ததில்லை. கிடைத்த துண்டை வைத்து, "8லேர்ந்து 14 வாரம் ஆகும், அநேகமா 11" என்றேன். மேனேஜர் சிரித்தார். "என்னப்பா வானிலை அறிக்கை வாசிக்கிறே? ஒரு நம்பர் சொல்லு." நான் மறுபடி 11 என்று ஆரம்பிப்பதற்குள், "எட்டு முடியும்னு நீதானே சொன்னே" என்று கிளையண்டுக்கு 8 என்று எழுதிவிட்டார். முடிந்தது 13 வாரத்தில். நான் சொன்ன ரேஞ்சுக்குள்ளேதான். ஆனால் எழுத்தில் 5 வாரம் லேட்.

டீமில் புதுசாகச் சேர்ந்த ஒரு பொண்ணு அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எடுத்த புடவை ஹாஸ்டல் பெட்டியிலேயே இருக்கிறது என்று ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு, டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது, சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அப்ரைசலில் அவள் பெயருக்கும் "டெலிவரி தாமதம்" என்று விழுந்தது. இதில் மேனேஜரை மட்டும் திட்ட எனக்கு வாய் இல்லை. அவர் 8 என்று எழுதின மெயிலில் நானும் இருந்தேன். "ரிப்ளை ஆல்" போட்டு, "இது ரேஞ்சின் கீழ் நுனி" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எட்டில் முடித்துக் காட்டினால் நமக்கும் பெருமைதானே என்று ஒரு மூலையில் நினைத்தேன். அதனால் ஓவனைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு அவ்வளவாக வரவில்லை.

நண்பர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பீர்கள். "24 அடி என்று போட்டால்தான் பிள்ளைகள் நின்று பார்க்கும். 6.06 முதல் 7.38 என்று போட்டால் யார் படிப்பார்?" நியாயம். எட்டாவது படிக்கும்போது என்னையும் இழுத்தது டைனோசரின் சைஸ்தான், அதன் வகைப்பாடு இல்லை. ஆனால் சைஸைவிட சுவாரசியமான சங்கதிகள் இதில் நிறைய இருக்கின்றன. இந்தப் பறவை யாருக்குச் சொந்தம் என்பதையே எடுத்துக்கொள்ளுங்களேன். முதலில் பெலிகன் வகையறா என்றார்கள், ஆல்பட்ராஸ் வகையறா என்றார்கள், தனி வரிசை என்றார்கள். 2005-ல் பூர்டன் என்ற ஆய்வாளர், இதன் நெருங்கிய சொந்தம் வாத்தும் தாராவும் என்றார். மயர் அதையும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. வாத்தும் கோழியும் சேர்ந்த கூட்டத்துக்கே வெளியில் இருக்கலாம் என்கிறார். கடலையே கிடுகிடுக்க வைக்கிற பல்லுக்காரனின் ஒன்றுவிட்ட தம்பி நம்ம குளத்து வாத்தாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், நிற்கிறதா ஓடுகிறதா என்று.

இல்லாவிட்டால் நியூசிலாந்துக்காரர் கதையைச் சொல்லுங்கள். லீ லவ் என்ற பொழுதுபோக்குச் சேகரிப்பாளருக்கு 2018-ல் கிடைத்த எலும்புதான் இந்தக் குடும்பத்திலேயே பழசு, 6.2 கோடி வருஷம். சைஸ் வெறும் கடற்காகம் அளவு. 2019-ல் அதற்குப் புரோட்டோடன்டாப்டெரிக்ஸ் ருத்தே என்று பெயர் வைத்தார்கள். ரூத் அவர் மனைவி. இத்தனை வருஷம் வீடு நிறையக் கல்லைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றியாம். நான் வாங்கிக் குவிக்கிற புத்தகத்துக்கு என் வீட்டில் யார் பெயரையாவது எதற்காவது வைக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் சுருக்கி குரூப்பில் போட்டேன். 1983, 2014, 6.06, 7.38, அநேகமாக 6.4, இறகு கிடைக்கவில்லை, கட்டுமரம் அப்போது கிடையாது. ரெண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ரூம்மேட் தனியாக மெசேஜ் பண்ணினான்.

"மச்சி, அப்போ 24 அடி பொய்யாடா?"

"பொய் இல்லடா. அதிகபட்சம் அவ்வளவு இருக்கலாம். எலும்பு மட்டும்தான் இருக்கு, இறகு நாம ஒட்டினது."

கொஞ்ச நேரம் டைப் பண்ணுகிற புள்ளிகள் ஓடின.

"சரி மச்சி, 21-ன்னு மாத்தி அனுப்பிடறேன்."